பத்தொன்பது பேரும் ஒரு மேளமும்



‘ராக்’ இசை என்றதும் நம் ஹாஸ்டலில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அது இங்கிலீஷ் கத்தல். இன்னொரு கட்சிக்கு அது பனியனில் போடுகிற படம். ‘நிர்வானா’ என்று எழுதிய பனியனோடு மெஸ்ஸுக்கு வருகிற ஒரு நண்பரிடம், “யாருப்பா இது?” என்று கேட்டேன். “பனியன் கம்பெனி பேரு மச்சான்” என்றார்! (ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அவர் என் ரூம்மேட்.)

அது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் என்ற மரத் தொழில் ஊரில் 1987-ல் தொடங்கிய குழு. 1991-ல் உலகம் முழுக்கத் தெரிந்தது. 1994-ல் அதன் பாடகர் கர்ட் கோபேன் இறந்ததோடு முடிந்தும் போனது. ஏழே வருடம். பெரிய கம்பெனிக்காரர்கள் விற்ற பாட்டுக்கு மாற்றாக வந்ததால் இந்த மாதிரி இசைக்கு ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்று பெயர். மாற்று இசை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர்கள் கதை இவ்வளவு போதும். நம் தமிழ்நாட்டிலேயே ஒரு மாற்று இசைக்குழு இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்றவர்களின் கூட்டு. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. வடசென்னைக் கானா பாடகர்கள், ராப் பாடுகிறவர், கிடார்காரர், டிரம்ஸ்காரர், மேளக்காரர்கள் என்று மொத்தம் 19 பேர். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. அப்போது நான் ஆரம்பப் பள்ளிப் பையன். நேரில் பார்த்தேன் என்று கதைவிட மாட்டேன். ஆலங்காயத்தில் என் பெரியப்பா மகன் செல்போனில், யூடியூபில், டவர் கிடைத்தபோது பாதியும் கிடைக்காதபோது மீதியுமாகப் பார்த்ததுதான்.

பெயருக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நூறு வருடத்துக்கு முன்பே ‘சாதி பேதமற்றவர்கள்’ என்று தம் மக்களைச் சொன்னவர். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பத்திரிகை தொடங்கினார். பத்திரிகையின் விலையே அதன் பெயரில் இருக்கிறது, பாருங்கள்! அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலில் கிளை இருந்தது, நம் திருப்பத்தூரிலும் இருந்தது. பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரம். ஆனால் எனக்குப் பண்டிதரின் பெயர் தெரியவந்தது பாடப் புத்தகத்தில் அல்ல, இந்தக் குழுவின் பெயர்க் காரணத்தைத் தேடியபோதுதான்.

சரி, பாட்டுக்கு வருவோம். மேடையில் கிடார் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது. அவற்றுக்குச் சமமாகப் பறையும் சட்டியும் கட்டை மோளமும் நிற்கின்றன. பின்னால் ஓரமாக அல்ல. நடுவில்! சென்னைப் பக்கம் சாவு வீட்டில் அடிக்கிற வாத்தியங்கள் இவை. கானாவும் அப்படித்தான். இறந்தவர் வீட்டு வாசலில் ராத்திரி முழுக்கப் பாடுகிற பாட்டு. சினிமா அதை எடுத்துக் காமெடிக்கும் குத்துப் பாட்டுக்கும் வைத்துக்கொண்டது. இந்தக் குழு அதே கானாவில் மாட்டுக்கறியைப் பாடியது, மலக்குழியில் இறங்கிச் சாகிறவரைப் பாடியது, ஆணவக் கொலையைப் பாடியது. ‘கோட்டா’ என்று ஒரு பாட்டு, இட ஒதுக்கீட்டைப் பற்றி. கவுன்சிலிங் முடித்து வந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. “நீ எந்த கோட்டா?” என்ற கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்டிருப்போம், அல்லது கேட்கப்பட்டிருப்போம். நான் இரண்டாவது வகை.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் தாய்மாமன் மேளக்காரர். சாவுக்கும் அடிப்பார், திருவிழாவுக்கும் அடிப்பார். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, மேளத்தை அதன்மேல் காட்டிக் காய்ச்சுவார். தோலில் இருக்கிற ஈரம் போய் இழுவை கூடும், சத்தம் கணீரென்று வரும். (டென்ஷன் கூடினால் ஃப்ரீக்வன்சி கூடும் என்று நாம் லேபில் ஸோனோமீட்டர் வைத்துச் செய்தோமே, அதேதான். மாமா நான்காம் வகுப்பு.) விரலால் தட்டிப் பார்த்து, “இன்னும் பதம் வரல” என்பார். அந்தப் பதத்தை எந்த மீட்டர் காட்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வீடியோவை மாமாவிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முதல் கேள்வி, “இவங்களுக்கு மாசச் சம்பளமா, ஆட்டத்துக்குக் கூலியா?” இரண்டாவது கேள்வி, “மேளம் அடிக்கிற அந்தத் தம்பி பேரு இன்னா?” எனக்குப் பாடகர்களின் பெயர்தான் தெரிந்தது. “பாடுறவன் பேருதான் தெரியும் எல்லாருக்கும்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் இந்தக் குழுவின் பிற்காலத்தைப் பார்க்கிறேன். 19 பேரை ஒரே இடத்தில் வைத்திருப்பது லேசான காரியமா? ஒவ்வொருவருக்கும் ஒரு வழி திறந்தது. டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படங்களுக்கு இசையமைத்தார். இசைவாணி பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடி 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவரும் கானா முத்துவும் பாடிய பாட்டு ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) வந்தது. இசைவாணிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி இந்தக் குழுவில் பாடிய பழைய பாட்டுக்காக, 2024 நவம்பரில் அவருக்கு மிரட்டல்கள் குவிந்தன. பாடி ஆறு வருடம் கழித்து! ஒரு பாட்டுக்கு இவ்வளவு ஆயுள் இருக்கும் என்று பாடும்போது அவரே நினைத்திருப்பாரா?

அறிவு நம் பக்கத்துக்காரர். அரக்கோணம். 2019-ல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அவரும் நாமும் ஒரே வேலூர் மாவட்டம். 2021 மார்ச்சில் தீயும் அவரும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அதில் வைத்தார். கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். நம் பஸ்ஸிலும் ஓடியது, கல்யாணத்திலும் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டைப் பற்றி எழுதியபோது அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு தனியாக இணைய அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தரப்பில் சொன்னார்கள். எழுதி மெட்டமைத்துப் பாடியவன் நான் என்று அறிவு எழுதினார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? பாட்டின் வருமானம் தங்களில் யாருக்கும் வந்து சேரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். ஆக, மாமாவின் முதல் கேள்வி உலகப் புகழ் பெற்ற பாட்டுக்கும் பொருந்துகிறது. இரண்டாவது கேள்வியும்தான்.

குழு சாதித்தது என்ன என்று கேட்டால், பட்டியலில் நான் முதலில் எழுதுவது விருதை அல்ல. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. மார்கழி என்றால் சபா, சபா என்றால் வாய்ப்பாட்டும் வயலினும் என்றிருந்த சென்னையில், அதே மார்கழியில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை. கிராமத்து மேளக்காரர்களின் பெயரைச் சொல்லி அழைத்து மேடையேற்றினார்கள். இது எனக்கு மூன்று ஆல்பத்துக்குச் சமம்.

இந்த வருட ஆண்டு விழாவுக்கு வருகிறேன். லைட் மியூசிக் பேசிக்கொண்டிருந்தபோது, மேளமும் வைக்கலாம் என்று நான் சொன்னேன். “சாவு மேளத்தையா? ஃபங்ஷன் நாள்ல?” என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்பது முக்கியமில்லை. அந்தக் குரலை நான் எங்கள் ஊரிலும் கேட்டிருக்கிறேன். “அது என் மாமா அடிக்கிற மேளம்” என்று மட்டும் சொன்னேன். ரூமில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான் கேட்டது. பிறகு சிவில் பையன் ஒருவன், “எங்க சித்தப்பா பம்பை அடிப்பாருடா” என்றான். மூன்று வருடமாக ஒரே வராண்டாவில் இருக்கிறோம். இருவருக்கும் தெரியாது!

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் மாமாவிடம் கேட்டேன். வருவதாகச் சொன்னார். நான்கு ஆள், பஸ் செலவு தனி, கூலியில் பேரம் கிடையாது. கடைசியாக ஒன்று கேட்டார். நோட்டீஸில் சவுண்டு சர்வீஸ்காரன் பெயர் போடுவீர்களே, பந்தல்காரன் பெயர் போடுவீர்களே, எங்கள் நாலு பேர் பெயரும் வருமா?

யூனியனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மலர் அச்சுக்குப் போகிற வரைக்கும் நோட்டீஸ் இன்னும் புரூஃபில்தான் இருக்கிறது.