இரண்டு ஆற்றுக்கு நடுவே ஒரு வீடு

சிவகாசியில் வீடு பார்க்கப் போனால் வாயில் முதலில் வருகிற கேள்வி, "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடுறாக?" என்பதுதான். வெம்பக்கோட்டை அணையையும் தாமிரபரணியையும் நம்பிக் குடம் பிடித்த ஊர். அந்த வறட்சிதான் தொழிலுக்கு வாகு: தீக்குச்சி உலர வேண்டும், அச்சடித்த தாள் உலர வேண்டும், பட்டாசுத் திரி உலர வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே நிலைத்ததற்கு எங்கள் வெயிலும் ஒரு காரணம். அந்த வெயிலில் வளர்ந்த என் அக்கா, அத்தான் ஓய்வு பெற்ற கையோடு ஸ்ரீரங்கத்தில் குடியேற வேண்டும் என்றாள். வீடு பார்க்கத் துணைக்கு நானும் போனேன்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அரங்கம் அந்நியமான ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரைத் தேருக்கு அங்கே போகிறது. ஆடிப்பூரத் தேருக்கு அங்கிருந்து பட்டு வருகிறது. மகள் ஆண்டாளைக் கட்டிக் கொடுத்த ஊர் என்றே அக்கா பேசுவாள். ஆனால் சம்பந்தி ஊரில் கும்பிட்டுத் திரும்புவது வேறு, வீடு பிடிப்பது வேறு.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கல்லணை வரை இரண்டுக்கும் நடுவே கிடக்கிற நிலம்தான் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் எல்லாம். 1751, 52-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டைக்காக மோதியபோது பிரெஞ்சுப் படை இந்தத் தீவுக்குள்தான் வந்து ஒதுங்கியது, இங்கேயேதான் சரணடைந்தது. சுற்றிலும் ஆறு ஓடுவது காவலும் ஆகும், சிறையும் ஆகும் என்பதைப் படைகள் கண்டுகொண்டன. தனி நகராட்சியாக இருந்த ஊர் 1994-இல் திருச்சி மாநகராட்சிக்குள் வந்தது. தீவாக இருப்பது மட்டும் மாறவில்லை. 2022-இல் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடியபோது, மறு ஆண்டு மார்ச் வரை எல்லாரும் சுற்றித்தான் போனார்கள். வயதான காலத்தில் அக்கரையில் இருக்கும் இருதய மருத்துவரை நம்பி வாழப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது என்று அத்தானிடம் சொன்னேன்.

முதலில் மதிலுக்கு உள்ளே பார்த்தோம். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி. ஏழு சுற்று மதிலில் வெளிச்சுற்றுகள் முழுக்கக் குடியிருப்பும் கடைகளும்தான். கோயிலுக்குள் ஊர் இருக்கிறதா, ஊருக்குள் கோயில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீளம்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை. இந்தப் பக்கத்துச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு கூடத்தில் அக்கா உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. முற்றத்து வெளிச்சம் அப்படி இருந்தது. எனக்கும் மனம் அங்கேயே நின்றது. இந்த வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்புவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆனால் வாங்குவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அடிமனை கோயிலுடையது என்பது நிர்வாகத்தின் வாதம். தலைமுறை தலைமுறையாக ஆண்டுவருகிறோம் என்பது குடியிருப்போர் வாதம். பத்திரம் பதிவதில் இதனால் நெடுநாள் சிக்கல். ஓய்வூதியப் பணத்தை அந்த வழக்குக்குள் கொண்டுபோய் வைக்க அத்தானுக்குத் துணிவில்லை. வாடகைக்கோ ஒத்திக்கோ என்றால் தாராளமாக இருக்கலாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் வாசலுக்கு வண்டி வராது என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அடுத்து, தரகர் கொள்ளிடக் கரைப் பக்கம் கூட்டிப் போனார். தோப்பை அழித்துப் போட்ட மனைகள். சாலை அகலம், விலை மலிவு, கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் மணல். "பாருங்க சார், ஆத்துல சொட்டுத் தண்ணி கிடையாது. பயமே வேண்டாம்" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. காய்ந்த ஆறுகளோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஆண்டில் பல மாதம் மணலாகத்தான் கிடக்கும். ஒரே ஒரு ஐப்பசி அடைமழையில் தங்கள் இடம் எதுவரை என்று காட்டிவிட்டுப் போகும். கண்மாய்க்குள் மனை வாங்கியவர்கள் கட்டிலின் மேல் அடுப்பை ஏற்றி வைத்ததை எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொள்ளிடம் அதைவிடப் பெரிய ஆறு. காவிரியைவிட அதன் படுகை தாழ்வு. விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே பாய்ந்து, தஞ்சாவூருக்குப் போகும் காவிரி வறண்டுவிடும் என்றுதான் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். அதன்பின் கொள்ளிடத்துக்கு வருவது மிஞ்சிய தண்ணீர் மட்டும். மிஞ்சாத வருடம் மணல்வெளி. மிஞ்சினால்? 1924-இல் மிஞ்சியது. 2018 ஆகஸ்டில் மிஞ்சியபோது அந்த மேலணையின் 9 மதகுகளே அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மனையைச் சுற்றிக் கொடிகட்டி விற்பவர் எவரும் இந்த ஆண்டுகளைச் சொல்வதில்லை.

எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் ஒரு கொட்டகைக்கும் அடுத்த கொட்டகைக்கும் இத்தனை மீட்டர் என்று சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கொட்டகையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். அதை மீறிய இடங்களில் விழுந்த பிணங்களை எங்கள் ஊர் எண்ணியிருக்கிறது. நெருப்புக்கு எழுதிய அந்தப் பலகை தண்ணீருக்கும் வேண்டும். வெள்ளம் எந்த ஆண்டு எவ்வளவு உயரம் நின்றது என்று கரையோரத் தெருமுனை ஒவ்வொன்றிலும் கல் நட வேண்டும். மனைக்கு அனுமதி கொடுக்கும் காகிதத்திலும் அது இருக்க வேண்டும். இதை நான் மனதாரக் கேட்கிறேன். அங்கே வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவர்கள்.

கடைசியில் ராஜகோபுரத்துக்கும் அம்மா மண்டபத்துக்கும் நடுவே ஒரு குறுக்குத் தெருவில் முதல் மாடி வீடு வாடகைக்கு அமைந்தது. எதிர்வீட்டு மாமியிடம் அக்கா விசாரித்தாள்: எந்த வருஷம் இந்தத் தெருவில் தண்ணீர் வந்தது, எந்தப் படி வரை வந்தது, கிணறு எப்போது கலங்கும். மாமி சலிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஒரு வருடம் குடியிருந்து, ஒரு ஆடிப்பெருக்கும் ஒரு ஐப்பசியும் கண்ட பிறகுதான் வாங்குவதைப் பற்றிப் பேச்சு என்று அத்தான் சொல்லிவிட்டார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு அன்றிரவே ஊருக்கு வண்டி ஏறினோம்.