மதுரையில் ஒரு பகல்

விமானத்தில் சீமைக்குப் போகிறவர்கள் வழியில் கெய்ரோவில் சில மணி நேரம் தங்க நேர்ந்தால், ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு பிரமிடுகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தான். வந்தபின் ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை! "நமக்கெல்லாம் அந்தப் பாக்கியம் ஏது?" என்று பெருமூச்சு விட்டார் என் மாமியார்.

பாக்கியம் எங்களையும் தேடி வந்தது. ராமேசுவரம் போகும் வழியில், விடியற்காலையில் மதுரையில் இறங்கி, மாலை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி நேரலாம். அப்போது வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து கொட்டாவி விடாதீர்கள். ஒரு டாக்ஸியைப் பேசிக்கொண்டு புறப்படுங்கள். எங்களுக்கு வாய்த்த டிரைவர் தம்பி வண்டியும் ஓட்டினார், சரித்திரமும் சொன்னார்.

"முதலில் மீனாட்சி தரிசனம்" என்றார் மாமியார்.

"அம்மா, வெயில் ஏறிவிட்டால் மலை ஏற முடியாது. மீனாட்சியைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் தம்பி.

மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழக்குயில்குடி. அங்கே தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் சமணர் மலை. மெள்ளப் படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம் என்ற இடம் வருகிறது. ஒரு சுனை, அதன் மேலே பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. செய்வித்தவர்களின் பெயர்களை வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அச்சணந்தி என்று ஒரு சமணத் துறவி. பாண்டி நாட்டு மலைகள் பலவற்றில் அவர் பெயர் காணப்படுகிறது. இங்கே ஒரு திருமேனியைச் செய்வித்தவர் யார் தெரியுமா? அவருடைய தாயார் குணமதியார்! தம்பி இதைச் சொன்னதும் மாமியார் நின்றுவிட்டார்.

"அந்தக் காலத்திலேயே பொம்பளை பேரைக் கல்லிலே வெட்டினாங்களா?"

"வெட்டினாங்க அம்மா. இன்னார் மகன்னு இல்லே, இன்னாருடைய தாயார்னு."

மாமியார் அதற்குப் பிறகு மலை இறங்கும்வரை பேசவே இல்லை. கால்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே, அதுவும் சுமார் 12 கிலோமீட்டர். 2015-ல் ஒரு தென்னந்தோப்பில் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த பொருள்களில் சில கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று 2019-ல் அரசுத் தொல்லியல் துறை அறிவித்தது. 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீடுகளைப் போலவே கட்டிய ஓர் அருங்காட்சியகத்தையும் திறந்தார்கள்.

பிரமிடைப் போல அண்ணாந்து பார்க்க இங்கே ஒன்றுமில்லை. குனிந்துதான் பார்க்க வேண்டும். நூல் நூற்ற தக்களி, தந்தத்தில் செய்த சீப்பு, தாயக்கட்டை, பொன் நகைத் துண்டுகள், உறைகிணறு! எந்த ராஜாவுடைய சொத்தும் அல்ல. குடும்பம் நடத்தியவர்களின் சாமான்கள். பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். நாம் கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்த அண்டா திரும்பி வர வேண்டுமே என்று பெயர் வெட்டி வைக்கிறோமே, அதே கதைதான்!

எகிப்தில் பிறந்த வேடிக்கை ஒன்றையும் கேளுங்கள். அங்கே செங்கடற்கரையில் குசெய்ர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதிலிருந்த தமிழ் எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் 'பானை உறி' என்ற பொருளில் படித்தார் என்று 2007-ல் செய்தி வந்தது. ஏறக்குறைய கி.மு. முதல் நூற்றாண்டுப் பானை. உறியில் தொங்கவிடும் பானையைக் கடல் கடந்தும் கொண்டு போயிருக்கிறார்கள், பாருங்கள்!

திரும்பும் வழியில் யானைமலை தெரிந்தது. "அதற்கு அப்பால் அரிட்டாபட்டி" என்றார் தம்பி. அங்கேயும் குகையில் பழந்தமிழ்க் கல்வெட்டு உண்டு. குடைவரைக் கோயிலும் உண்டு. 2022-ல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஆனாலும் 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது. ஊர் ஜனங்கள், பெண்களும் சேர்த்துத்தான், திரண்டெழுந்து வேண்டாம் என்றார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கல்லில் வெட்டிய பெயர் அழியாது என்கிறோம். கல்லையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டால்? காவலுக்கு மனிதர்கள் வேண்டியிருக்கிறது.

மாலையில் மீனாட்சி தரிசனம் திவ்வியமாக ஆயிற்று. வண்டிக்கு நேரமாகிறதே என்று நான் பதற, மாமியார் பக்கத்துத் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்துவிட்டார். கைப்பையிலிருந்து கூஜாவை எடுத்தார். அறுபது வருஷமாக அவரோடு ஊர் ஊராக வருகிற கூஜா, கல்யாணச் சீர். அதில் அவருடைய தகப்பனார் பெயர் வெட்டியிருக்கும். கீழே என் மாமனார் பெயரும் உண்டு. நிரப்பி வருகிறவர், துலக்கி வைக்கிறவர் பெயர் மட்டும் இல்லை.

"அம்மாடி, இதிலே என் பேரையும் வெட்டித் தரச் சொல்லு" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

கடைக்காரர் மின்சார ஊசியை வைத்து 'கிர்ர்' என்று இழுத்தார். இரண்டு நிமிஷ வேலை. வண்டியையும் பிடித்துவிட்டோம்.

என்ன பெயர் என்கிறீர்களா? அதை நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வாருங்கள்; அந்தக் கூஜாவிலேயே தண்ணீர் தருவார், நீங்களே படித்துக்கொள்ளலாம்!