நாணொலி

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைக்க வல்லார் பலர் உளர். ஆதலின் யான் என் பேரன் கேட்ட வினாவொன்றையும், அதற்கு விடையெழுத யான் பட்ட பாட்டினையும் ஈண்டு எழுதத் துணிந்தேன். விடையின் ஒரு பாதி எம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திற் கற்றதாகலின், இது மலருக்குப் புறம்பான பொருளும் அன்று.

பேரன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கின்றான். அங்கே இலையுதிர்காலத்தில், அனுமதிப்பத்திரம் பெற்றோர் வில்கொண்டும் மான் வேட்டையாடலாம். நுனிகள் இரண்டும் எய்வோனுக்கு எதிர்ப்புறமாக மடங்கி வளைந்த வில்லொன்றை அவன் வாங்கினான். "அம்மப்பா, அம்பை விட்டவுடனை வில்லு பெரிய சத்தம் போடுது. மான் அதைக் கேட்டுத் தப்பிப்போடும் எண்டு சொல்லுகினம். என்ன செய்யலாம்?" எனத் தொலைபேசியிற் கேட்டான்.

உடனே என் நெஞ்சம் முள்ளியவளை வயலோரக் காவற்குடிலுக்குச் சென்றது. சிறுவனாயிருந்த காலை எனக்கும் ஒரு மூங்கில் வில் இருந்தது. மரல் நாரே அதன் நாண். பயிரழிக்கும் குரங்குகளைக் குறிவைத்து எய்வேன். அம்பு சென்று சேருமுன்னரே குரங்கு கிளையின் மறுபுறம் இருக்கும். பார்த்திருந்த பாட்டனார் நகைத்து, "தம்பி, உன்ரை அம்புக்கு முன்னம் உன்ரை நாண் போகுது" என்றார். பின்னர்ப் பழந்துணிக் கீற்றிரண்டை நாணிற் சுற்றிக் கட்டினார். 'விண்'ணென்ற ஓசை 'தொப்'பென்றாயிற்று. அதன் பின்னும் குரங்கொன்றேனும் என் அம்பிற்கு அகப்பட்டதில்லை. அது வேறு கதை.

பாட்டனார் செய்ததன் காரணத்தைக் கல்லூரியிலேதான் அறிந்தேன். ஆசிரியர் சுரமானியின் கம்பியை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கையிற் கம்பளி நூற்கற்றையொன்றை அதன்மேல் மெல்ல வைத்தார். ஒலி அக்கணமே அவிந்தது. அதிர்வின் சக்தியை மென்பொருள் உறிஞ்சிவிடும் என விளக்கிய அவர், வில்லின் இயல்பு பாடுதலே என்றும் கூறினார். ஆயன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி மீட்டிய வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. விபுலாநந்த அடிகளார் 1947இல் வெளியிட்ட யாழ்நூலிலும் வில்யாழ் ஆராயப்பட்டுள்ளது. ஆயன் வளர்த்த அவ்வொலியையே வேடன் அடக்க முயல்கின்றான்.

நிற்க, பேரனுக்கு யான் எழுதிய கணக்கு இது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். அத்தகைய வில்லின் அம்பு 55 மீற்றரளவே செல்லும். மான் 20 மீற்றர் தூரத்தில் நிற்பின், ஒலி 0.06 செக்கனில் அதன் செவியை எட்டும், அம்போ 0.36 செக்கனிற் சேரும். இடையிலுள்ள 0.3 செக்கன் மானுக்குப் போதும். பாய்வதற்காக அது முதலில் உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகின் மேலாகப் போய்விடும், அல்லது படவேண்டிய இடம் தவறிப் பட்டுப் புண்படுத்தும்.

இனி, ஒலியைக் குறைக்கும் வழிகள். அம்பினுட் செல்லாது எஞ்சிய சக்தியே வில்லையும் நாணையும் அதிரச் செய்கின்றது. ஆதலின் சற்றே பாரமான அம்பைக் கொள்க. அது வேகங் குறையினும் சக்தியை மிகுதியாக ஏற்கும். நாணைச் சில முறுக்குக் கூட்டினால் அது குறுகிப் பிடியினின்று விலகி நிற்கும், குறைத்தால் நெருங்கும். வில் செய்தோர் விதித்த எல்லைக்குள், ஒவ்வொரு முறையும் எய்து பார்த்து, ஒலி மிகக் குறைந்த நிலையைத் தெரிக. நாணிலே கம்பளிக் குஞ்சம் இரண்டு கட்டுக: ஒன்று மேல்நுனியிலிருந்து நாலிலொரு பங்கில், மற்றது கீழ்நுனியிலிருந்து மூன்றிலொரு பங்கில். தூரங்கள் வேறுபடின், ஒரு குஞ்சம் அதிர்வின் கணுவில் அமைந்து பயனற்றுப்போயினும் மற்றது தொழிற்படும். வளைந்த நுனிகளில் நாண் வந்து அறையும் இடத்தில் மென்துணி ஒட்டுக. தளர்ந்த ஆணிகளை இறுக்குக. அம்பின்றி நாணை ஒருபோதும் விடற்க. சக்தி முழுவதும் வில்லையே தாக்கி முறித்துவிடும்.

இவ்வளவையும் எழுதி முடித்த பின்னரும் அக்கடிதத்தை மூன்று நாள் அனுப்பாது வைத்திருந்தேன். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் புள்ளிமான் காக்கப்பட்ட விலங்கு. அங்கோ அவன் செய்வது சட்டத்துக்கு அமைந்ததே. என்னைத் தடுத்தது வேறொன்று.

பேரன் 2007இற் பிறந்தவன். 2008 இறுதியில் முள்ளியவளையை விட்டு யாவரும் இடம்பெயர்ந்தோம். 2009இன் தொடக்கத்தில் ஒருநாள், கூடாரத்தின் வாயிலில் அவனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள் என் மகள். தொலைவிலே எறிகணை 'குத்தும்' ஒலி கேட்டது. அது புறப்படும் ஓசை எமக்கு நன்கு பழகியிருந்தது. சோற்றுக் கோப்பையை எறிந்துவிட்டுக் குழந்தையுடன் பதுங்குகுழியிற் பாய்ந்தாள், யானும் பாய்ந்தேன். எழுந்து பார்த்தபோது கூடாரம் இல்லை. அன்று மான்கள் நாங்கள். ஒலி முந்தி வந்தமையால் உயிர் பிழைத்தோம். அவ்வொலியால் உயிர்பெற்றவனுக்கு ஒலியை அடக்கும் வழியை நானே கற்பிப்பதா?

நாலாம் நாள் கடிதத்தின் அடியிற் சில வரிகள் சேர்த்து அனுப்பினேன்: "ஒலியை முற்றாக அடக்க ஒருவராலும் இயலாது. தூரம் பாதியானால் மானுக்குக் கிடைக்கும் நேரமும் பாதியாகும். ஆதலின் வில்லை அமைதியாக்குவது தூரத்தே நின்று எய்தற்கன்று. அருகே வரும்வரை பொறுத்திரு. ஓரம்பில் முடியுமென்ற உறுதி இல்லையேல் நாணைத் தளர்த்திவிடு. புண்பட்ட உயிரைக் காட்டில் அலையவிடாதே."

அவ்வாண்டு வேட்டைக்காலம் முடிந்ததும் அவன் பேசினான். குஞ்சம் கட்டியபின் வில் நன்றாக அடங்கிவிட்டதாம். மான் மும்முறை கண்ணிற் பட்டதாம். ஒருமுறையும் போதிய அளவு அருகில் வரவில்லையாம். "அடுத்த வருசம் பார்ப்பம், அம்மப்பா" என்றான். குரலிலே குறையொன்றும் தோன்றவில்லை.

சோற்றுக் கோப்பையின் கதையை அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. தாய்க்கு அதனைச் சொல்ல நா எழாது. தொலைபேசியிற் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. இம்மலரின் பிரதியொன்றை அவனுக்கு அனுப்பவுள்ளேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க அறிவான். மெல்ல வாசித்து அறிந்துகொள்ளட்டும்.