எதிரே வண்டி வராத பாதை

இலக்கியம் பேசும் இடத்தில் காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சங்கப் பாடல்களில் ஓடாத தேரா என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையான விடை ஆகாது. கடந்த ஓராண்டாக எங்கள் வீட்டில் புத்தகங்களைவிட அதிகமாகப் பேசப்பட்டது, பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகுவதற்கு ஏற்ற ஒரு பழைய காரைப் பற்றித்தான். அந்தப் பேச்சுக்குள் வேறொரு பேச்சும் இருந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் இருவர், அண்ணனும் தம்பியும். மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறான். இளையவன் கணபதியில் பம்புசெட்டு உதிரிபாகங்களுக்கான லேத் பட்டறை வைத்திருக்கிறான். இருவருக்கும் நாற்பது கடந்துவிட்டது. சிறுவயது முதல் எங்களைச் சண்டையின்றி ஒரே இடத்தில் உட்காரவைத்தவை கார்கள் மட்டுமே.

2018ஆம் ஆண்டு டிசம்பரில், விடியுமுன் ஐந்து மணிக்குப் புறவழிச்சாலையில் வந்துகொண்டிருந்தோம். இளையவன் ஓட்டினான். முள் 130ஐத் தாண்டியிருந்தது. நடுத்திட்டின் இடைவெளியில் பால்கேன்கள் கட்டிய மொபெட் ஒன்று சாலையைக் கடந்தது. பிரேக்கை மிதித்தும் கார் நிற்கவில்லை. வழுக்கிச் சென்று மொபெட்டின் பின்சக்கரத்தை உரசியது. பால்காரர் தூக்கி எறியப்பட்டார். காறை எலும்பு முறிந்தது. பனியில் சாலை முழுவதும் பால். அவர் பிழைத்துக்கொண்டார், மூன்று மாதம் கேன் தூக்க முடியவில்லை. மருத்துவச் செலவு, காவல் நிலையம், நீதிமன்றம், அபராதம் எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தன.

முடியாமல் நின்றது ஒன்றுண்டு. மூத்தவன் அன்று பக்கத்து இருக்கையில் இருந்தான். 'மெதுவாகப் போ' என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முள் ஏறுவதை அவனும் ரசித்துக்கொண்டுதான் இருந்தான். மனுநீதிச் சோழன் கதையில் அரசனின் நீதியையே நாம் காலங்காலமாகப் பேசிவருகிறோம். தேரோட்டிய மகனோடு கூடப்போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வழக்கு இளையவன் பெயரில் இருந்தது. குற்றம் இருவருக்கும் பொது. அதனால்தான் இக்கட்டுரையில் 'நான்' இல்லை.

அம்மா அன்று சத்தியம் வாங்கினார். ஐந்தாண்டுகள் நாங்கள் எண்பதைத் தாண்டவில்லை. ஆனால் ஆசை போய்விடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆளற்ற நேர்ச்சாலையைக் கண்டால் இளையவனின் வலது கால் கனப்பது பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். அடக்கிவைத்த ஆசை எந்த விடியலில் எந்தச் சாலையில் எழுந்து நிற்குமோ என்ற அச்சம் எங்கள் இருவருக்கும் இருந்தது.

வழி சொன்னவர் எங்கள் கார்களைப் பார்க்கும் மெக்கானிக். சோழவரத்தில் பந்தயம் நடந்த நாட்களில் சிறுவனாகப் போய் ஸ்பானர் எடுத்துக்கொடுத்தவர். "வேகம் வேணும்னா சார், வேகத்துக்குன்னே கட்டுன எடத்துல போயி ஓட்டுங்க. ரோட்டுல வேண்டாம்" என்றார். சட்டமும் அதையேதான் சொல்கிறது. அரசின் எழுத்துமூலமான இசைவின்றிப் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம்.

அப்படிக் கட்டிய இடம் எங்களுக்குத் தொலைவில் இல்லை. சோழவரம் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1980களின் இறுதிவரை அங்கே பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. அதன் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் நினைவாக இட்ட பெயர் அது. மாருதி 800இன் எஞ்சினைப் பொருத்தி, ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைக் கோவையில் உருவாக்கியவர் அவர். 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஊரில் எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்கக்கூடிய எஞ்சின். பந்தயம் என்பது செல்வந்தர்களின் இறக்குமதிக் கார்களுக்கு மட்டுமன்று என்று காட்டிய வண்டி அது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியதும் இந்த ஃபார்முலா மாருதி வகையில்தான். எங்கள் தேடலுக்கு அந்தச் சின்ன எஞ்சின்தான் வழிகாட்டி.

எந்தக் காரை வாங்குவது? ஆசை முதலில் காட்டியது ஃபோல்க்ஸ்வாகன் போலோ. 1.0 லிட்டர் டர்போ எஞ்சின், 110 குதிரைத்திறன். 2022இல் இந்தியாவில் உற்பத்தி நின்றபின்னும் பழைய போலோவுக்குக் கிராக்கி குறையவில்லை. கடன் வாங்கினால் முடியும் என்று கணக்குப் போட்டோம். மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்: "இதைக் கொண்டுபோயி செவுத்துல வெச்சுட்டீங்கன்னா மறுநாள் என்ன பண்ணுவீங்க?" மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்போம். காப்பீட்டையும் நம்ப முடியாது. நம் நாட்டில் தனியார் காருக்கான வழக்கமான காப்பீடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் படிக்காமல் விட்ட வரி அது. ஆகவே முதல் விதி தானாகவே அமைந்தது: முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பெரிவதைத் தடுக்காத காராக இருக்கவேண்டும்.

அடுத்து மனம் போனது 2000களின் தொடக்கத்து ஹோண்டா சிட்டி வி-டெக்கின் பக்கம். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், சுழல்வேகம் ஏற ஏறப் பாடும் எஞ்சின். ஓட்டிப் பார்த்த அன்று இருவருக்கும் உறக்கமில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ளவற்றை ஆர்வலர்கள் விடுவதில்லை. கிடைப்பவை உள்ளே துருப்பிடித்தவை. சில உதிரிபாகங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஐகான் 1.6க்கும் அதே நிலைதான். மாருதி எஸ்டீம் எடை குறைந்தது; இந்தியப் பந்தயக்காரர்கள் பல ஆண்டுகள் நம்பிய வண்டி. 2007இல் உற்பத்தி நின்றது. நாங்கள் பார்த்த மூன்றில் இரண்டு, கதவைத் திறக்கும்போதே தம் வயதைச் சொல்லின.

கடைசியில் வாங்கியது, 2009ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல், 87 குதிரைத்திறன். பதினைந்தாண்டு முடிந்து பதிவு புதுப்பிக்கப்பட்டிருந்தது. விலை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நேர்ப்பாதையில் இது யாரையும் வியக்கவைக்காது. ஆனால் செட்டிப்பாளையத்துத் தடம் குறுகிய நேர்ப்பாதைகளும் அடுத்தடுத்த வளைவுகளும் கொண்டது. அங்கே சுமார் ஒரு டன் எடையுள்ள சிறிய கார், ஓட்டுபவனுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும். வளைவில் அதிகம் கேட்டால் முன்சக்கரங்கள் நேராகப் போக முரண்டும். காலைத் தளர்த்தினால் மூக்கு உள்ளே திரும்பும். தவற்றை முன்கூட்டிச் சொல்லி, திருத்த அவகாசமும் தரும் வண்டி, கற்பவனுக்கு நல்ல ஆசிரியர். அதிகத் திறனுள்ள கார் பல தவறுகளை நேர்ப்பாதையில் மறைத்துவிடும். மதிப்பெண்ணை வாரி வழங்கும் ஆசிரியரிடம் படித்தவன் நிலைதான் பிறகு.

வாங்கும் விலை முன்பணம் மட்டுமே என்பதைப் பின்னர் அறிந்தோம். தடம் தின்பது டயரையும் பிரேக்கையும். வேகம் இருமடங்கானால் அதை நிறுத்த வெளியேற்றவேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு; அத்தனையும் பிரேக்கில் வெப்பமாகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 வகை ஆயில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரநிலை. ஈரமேறிய பின் அதே ஆயிலுக்கு வரையறை 155 பாகைதான். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகும். ஆவி அழுந்தும், ஆயிலைப்போல் அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே மெக்கானிக் ஒரு பட்டியல் கொடுத்தார்: புது பிரேக் ஆயில், நல்ல பேட், நான்கு புது டயர், தரமான இரண்டு ஹெல்மெட். ஒலிபெருக்கி, சக்கர அலங்காரம், சத்தமிடும் சைலன்சர் எதுவும் அதில் இல்லை.

நாங்கள் டயர் வாங்கினோம், ஹெல்மெட் வாங்கினோம், பேட் மாற்றினோம். பிரேக் ஆயில் பார்வைக்குத் தெளிவாக இருந்தது. அதை அடுத்த மாதம் மாற்றலாம் என்று தள்ளிவைத்தோம். மிச்சமான தொகையைச் சொன்னால் நகைப்பீர்கள்.

முதல் நாளுக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றோம். அவருக்குத் தெரியாமல் செய்வதாக இருந்தால் செய்வதே இல்லை என்பது எங்கள் ஒப்பந்தம். கூரையின் நிழலில் அமர்ந்து, வளைந்து கிடந்த தடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்க வண்டி வராதா கண்ணு?"

"வராதும்மா. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க."

"குறுக்க?"

"குறுக்க ஆரும் வரமுடியாதும்மா."

அவர் தலையசைத்தார்.

ஒருமுறைக்குப் பதினைந்து நிமிடம். முதலில் மூத்தவன் ஓட்டினான். மானத்தோடு திரும்பி வந்தான் என்பதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எதுவுமில்லை. பிறகு இளையவன். முதல் மூன்று சுற்றுகள் அழகாகப் போயின. ஐந்தாண்டு அடக்கிவைத்த கால், அஞ்சவேண்டிய அவசியமின்றி அழுந்தியது. ஐந்தாம் சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் விளக்கு எரிந்தது. கார் மட்டும் குறையவேண்டிய அளவு குறையவில்லை. பெடல் கீழே போய்விட்டது. திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல், தடத்தை விட்டு இறங்கி மண்ணில் ஓடி, புழுதிக்குள் மறைந்தது. புழுதி அடங்கியபோது கார் நின்றுகொண்டிருந்தது. இளையவன் கையை வெளியே நீட்டி அசைத்தான்.

ஒரு கீறலும் இல்லை. மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். மெக்கானிக் கைப்பிரேக்கைப் போடவேண்டாம் என்று சைகை காட்டினார். கொதித்திருக்கும் பிரேக்கை அந்நேரம் இறுக்கிவைத்தால் கெட்டுவிடும். பிறகு ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தார். எங்களையும் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா எழுந்து நின்றவர் உட்காரவில்லை. நாங்கள் அருகே போனதும் இளையவனின் சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டார். "அன்னைக்கும் இப்படி மண்ணுல போயி நின்னிருந்தா..." என்றார். அதற்குமேல் பேசவில்லை.

அந்த வாக்கியத்தை எங்களாலும் முடிக்க இயலவில்லை. இரண்டு இடத்திலும் கால் ஒன்றுதான், அலட்சியமும் ஒன்றுதான். ஓரிடத்தில் அதற்கு விலையாகப் புழுதி எழுந்தது. மற்றோரிடத்தில் ஒரு மனிதரின் எலும்பு முறிந்தது. தடத்துக்கு வந்ததால் நாங்கள் நல்லவர்களாகிவிடவில்லை. எங்கள் தவறு எங்களோடு முடியும் இடத்துக்கு வந்திருக்கிறோம், அவ்வளவே. அகநானூற்றின் நான்காம் பாடலில், தலைவியைக் காண விரைந்து வரும் தலைவன், வழியில் பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அதை அன்பின் மென்மை என்றே மூத்தவன் விளக்கிவந்தான். விரைவுக்குக் குறைவில்லாத தேர் அது என்பதை இப்போதுதான் கவனிக்கிறான்.

மாலை வீடு திரும்பும்போது ஸ்விஃப்டை இளையவனே ஓட்டினான். இடப்பக்கம் ஒதுங்கி, அறுபதில். லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின.

பால்காரரிடம் இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. விபத்துக்குப் பின் எங்கள் வீட்டுக்குப் பால் அவரிடமிருந்துதான் வருகிறது. குளிர்நாட்களில் தோள் இன்னும் வலிக்கும் என்பார். காசு கட்டிச் செட்டிப்பாளையத்தில் கார் ஓட்டிவிட்டு வருகிறோம் என்றதும் கேனை இறக்கிவைத்து முழுக் கதையையும் கேட்டார்.

"காசும் குடுத்து, பொறப்பட்ட எடத்துக்கே திரும்பத் திரும்ப வர்றீங்களா?" என்று சிரித்தார். சிரித்து முடித்தபின், "அங்கயே ஓட்டுங்க சாமி" என்றார்.

அடுத்த நாள் காலை இளையவன் பட்டறைக்குப் போகும் வழியில் மெக்கானிக்கிடம் காரை விட்டுச் சென்றான். பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது.