மொழியைப் படிப்பதும் மொழியில் படிப்பதும்

கனடாவின் டொரொண்டோ நகரில் இருக்கும் என் சாச்சியின் மகளுக்கு ஆறு வயது. முதலாம் தரத்தில் படிக்கிறாள். வீட்டில் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் பேசும் அவளுக்குப் பாடசாலையில் எல்லாமே பிரெஞ்சு. இத்தகைய வகுப்பை அங்கே 'பிரெஞ்சு இமர்ஷன்' என்கிறார்கள். பிள்ளையை மொழிக்குள் முழுதாக இறக்கிவிடுவதுதான் அதன் முறை. அவளுடைய பாடசாலையில் ஆங்கிலப் பாடமே நான்காம் தரத்தில்தான் ஆரம்பமாகிறது.

வகுப்பில் நடந்தவற்றை ஆசிரியை வாராவாரம் பெற்றோருக்கு எழுதி அனுப்புவார். ஜனவரி மாதத்துக் கடிதமொன்றை சாச்சி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதில் இலக்கணம் என்ற சொல்லே இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை, பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து கிழமையும் திகதியும் சொல்கிறார்கள். ஒருவர் யன்னலால் எட்டிப் பார்த்து, பனி பொழிகிறது என்று பிரெஞ்சில் அறிவிக்க வேண்டும். செவ்வாய், 'ஊ' என்னும் ஒலி. ஓநாய்க்கு 'லூ', ஆந்தைக்கு 'இபூ', முழங்காலுக்கு 'ஜெனூ'. பழைய சஞ்சிகைகளில் அந்தப் படங்களைத் தேடி வெட்டி ஒட்டுகிறார்கள். புதன், ஒரு போத்தல் நிறையச் சட்டைப் பொத்தான்கள். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுகிறார்கள். வியாழன், இரண்டு கோப்பைகளில் பனியை நிரப்பி ஒன்றை ஹீட்டருக்குப் பக்கத்திலும் மற்றதை யன்னலோரத்திலும் வைத்து, எது முதலில் உருகும் என்று பார்க்கிறார்கள். வெள்ளி, ஆளுக்கொரு பொருளைப் பையில் ஒளித்து வந்து மூன்று குறிப்புகள் சொல்ல, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

நாங்கள் இரண்டாம் மொழியை ஒரு பாடமாகப் படிக்கிறோம். பாடவேளை முடிந்ததும் அது புத்தகப் பைக்குள் போய்விடும். அந்தப் பிள்ளைகளோ பிரெஞ்சைப் படிப்பதில்லை, பிரெஞ்சில் படிக்கிறார்கள். பனி உருகுவதைப் பார்க்கும் ஆசையில் உருகுதல் என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த முறைக்கு வழிவகுத்தவர்கள் பெற்றோர்கள். மொன்றியல் நகருக்கு அருகிலுள்ள சென் லம்பேர் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தில் தம் பிள்ளைகள் அந்த மொழி பேசத் தெரியாமல் வளர்வதைக் கண்டு வருந்தினார்கள். பாடசாலை நிர்வாகத்தோடு வாதாடி 1965இல் ஒரு பாலர் வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் லம்பேர்ட் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பிரெஞ்சு வந்தது, ஆங்கிலமும் குறையவில்லை என்று கண்டார். ஆங்கிலம் எப்படிக் குறையும்? வீட்டில், கடையில், தொலைக்காட்சியில் எங்கும் அதுதானே!

ஆனால் என் தங்கச்சியின் தமிழுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடையும் தொலைக்காட்சியும் ஆங்கிலம், பாடசாலை பிரெஞ்சு. தமிழுக்கு மிஞ்சியிருப்பது சாச்சியின் வாயும் எங்கள் சனிக்கிழமைத் தொலைபேசி அழைப்பும்தான். இருமொழி அறிவில் இரண்டு வகை உண்டென்று அதே லம்பேர்ட் பின்னர் எழுதினார். ஒன்றில், இருக்கும் மொழியோடு புதியது கூடும். மற்றதில், புதியது வர இருந்தது கழியும். கூட்டலும் கழித்தலும் ஒரே பிள்ளைக்குள் நடக்கலாம் என்பதை நான் நேரிலே கண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பையில் கொண்டுபோனது உம்மம்மா ஊரிலிருந்து அனுப்பிய சிரட்டை அகப்பை. அவளுடைய மூன்று குறிப்புகளுக்கும் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். எங்களுக்குச் சனி காலை ஏழு மணியானபோது அவர்களுக்கு வெள்ளி இரவு எட்டரை. வெற்றிக் களிப்போடு அகப்பையைத் திரையில் காட்டினாள். "இது என்ன மகள்?" என்று உம்மம்மா கேட்டார். பிரெஞ்சில் சொன்னாள், ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் சொல் வரவில்லை. அனுப்பியவருக்கே விளங்காத மொழிகளில் அந்த அகப்பை நின்றது. உம்மம்மா சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவரிடம் ஆராய்ச்சி எதுவும் கிடையாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை தொலைபேசியை அடுப்பங்கரையில் சாய்த்து வைக்கச் சொன்னார். "மகள், நானும் நீயும் பருப்பு ஆக்குவோம். அகப்பையை எடு." சாச்சியின் வீட்டில் அவள் வெறும் சட்டியில் துழாவினாள். இங்கே உண்மையான பருப்பு கொதித்தது. "மெதுவாக் கிளறு, அடிப்பிடிக்கும்." அடிப்பிடிப்பது என்றால் என்னவென்று அவள் கேட்டாள். உம்மம்மா சட்டியைச் சரித்துக் காட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு சமையல். "தமிழ் பேசு" என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. பத்துக்கு மேல் எண்ணும்போது பிரெஞ்சுக்குத் தாவிவிடுகிறாள், உம்மம்மா பதினொன்றிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பெரிய பாடசாலையால் செய்ய முடிவதை ஓர் அடுப்பங்கரையும் சிறிய அளவில் செய்ய முடியும் போலிருக்கிறது. வெளிநாடுகளில் வளரும் எங்கள் தம்பி, தங்கச்சிமாரோடு பேசும்போது "தமிழ் மறந்துட்டியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர்களோடு தமிழில் ஏதாவது ஒரு வேலை செய்து பார்க்கலாமே. இன்ஷா அல்லாஹ், இந்தச் சனிக்கிழமை எங்களுக்கு ரொட்டி.