பாதி விடை

என் பேத்தி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, ஆலங்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தே வேலை தேடுகிறாள். நாங்கள் அலைந்த அலைச்சல் எல்லாம் இப்போது இல்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே முதலில் ஆன்லைன் தேர்வு, தேறினால் டெக்னிக்கல் ரவுண்டு, கடைசியில் எச்.ஆர். ரவுண்டு. போன மாதம் ஒரு கம்பெனியில் டெக்னிக்கல் ரவுண்டோடு அனுப்பிவிட்டார்கள்.

"புரோகிராம் சரியாத்தான் ஓடுச்சு தாத்தா. ஆனா நான் என்ன யோசிக்கிறேன்னே அவங்களுக்குத் தெரியலையாம்" என்றாள். முக்கால் மணி நேரம் வாயே திறக்காமல் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாய்ப்பூட்டைச் செய்தவன் நான்தான். முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியார். "விடை தெரிஞ்சா கையைத் தூக்கு, இல்லன்னா பேசாம இரு" என்பது என் வகுப்பின் சட்டம். பள்ளிக்கூடத்தில் நடத்தியதைத்தான் வீட்டிலும் நடத்தினேன். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பாதி வருது" என்றான். "அப்ப பாதி உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. என் சாமர்த்தியத்தை அன்றைக்கு ராத்திரி வீட்டிலும் சொல்லி மகிழ்ந்தேன். அந்த வருஷம் முடிகிற வரைக்கும் அவன் மறுபடி எழுந்திருக்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1991இல் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது நானும் தொண்டன். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். சாயங்காலமானால் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். பார்க்கிற சனங்களுக்கு நடுவே விழுவார்கள், முழங்காலைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே மறுபடி ஏறுவார்கள். ஓட்டத் தெரிந்தால் ஏறு என்று அவர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்தால் மட்டும் பழைய சட்டம்! சாயங்காலம் படித்த பாடம் ராத்திரியோடு எப்படித்தான் கரைந்துபோனதோ.

சரி, கெடுத்தவனே திருத்தட்டும் என்று திண்ணையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு அவள் தொழில் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று. என் மண்டையில் ஏறுகிற மாதிரி சொல்லியாக வேண்டுமே. கேள்வியை முதலில் அவள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், சின்ன உதாரணம் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும், பேச்சு நின்றால் நான் கைத்தடியால் தரையில் தட்டுவேன். நாலு நாள் கூச்சத்தில் நெளிந்தாள்.

ஒருநாள் பைனரி சர்ச். "ஒண்ணுலேர்ந்து ஆயிரத்துக்குள்ள ஒரு எண்ணை நினைச்சுக்குங்க தாத்தா. பத்துக் கேள்விக்குள்ள பிடிக்கிறேன்." நடுவை எடுத்து, கூடவா குறைவா என்று கேட்டு, பாதியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பிடித்தும்விட்டாள். இந்த முறை முதலில் அச்சில் வந்தது 1946இல் என்றாள். எல்லா அளவுக்கும் பிசகாமல் ஓடுகிற ஒன்று வர 1960 ஆனதாம். அதற்கப்புறமும் ஜாவாவோடு வந்த புரோகிராமில் ஒரு பிழை வருஷக்கணக்காக ஒளிந்திருந்து 2006இல்தான் ஊருக்குத் தெரிந்தது. நடுவைக் காண இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை 2147483647ஐத் தாண்டினால் இடம் கொள்ளாமல் மைனஸாகிவிடுமாம்.

கூட்டி வகுத்தால் தப்பா! வாத்தியார் ரத்தம் துடித்தது. யோசித்துவிட்டு, "கீழ் முனையோட வித்தியாசத்துல பாதியைச் சேர்த்தா?" என்று இழுத்தேன்.

"அதேதான் தாத்தா!"

அறுபத்தெட்டு வயதில் எனக்கும் பாதிதான் வந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அடுத்த இன்டர்வியூ. மாடியிலிருந்து குரல் இறங்கி வருகிறது. "இது சரியா வராது... இருங்க, வேற மாதிரி பார்க்கிறேன்." அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "தனியா உக்காந்து யார்கிட்ட இவ்வளவு பேசுறா?" என்கிறாள்.