முடிச்சிலும் ஒரு சிற்பம்

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளும் கைத்தொழில் வகுப்பு. வயர் கூடையும் மேக்ரமே பையும் பின்னுவோம். சிவன் கண் கூடை எப்படியோ வந்துவிடும். நெல்லிக்காய்க் கூடைதான் எங்களுள் பலரை அழவைத்திருக்கிறது! பின்னியவை ஆண்டுவிழாக் கடையில் விலைபோகும். அத்தோடு மறந்துவிடுவோம். கூடை பின்னுவதும் ஒரு கலை என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை.

இந்த ஆண்டு நூலகச் சிஸ்டர் ஒரு கனத்த படப் புத்தகத்தை எங்களிடம் கொடுத்து, "இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்கள். ஆளுயரத்தை மிஞ்சும் ஓர் உருவம். ஒரு பக்கம் பார்த்தால் தேவதை, மறுபக்கம் பார்த்தால் விரிந்த பூ. கல்லா, மரமா என்று வாதாடினோம். இரண்டும் இல்லை தோழியரே, சணல்! சாயம் தோய்த்த சணல் கயிற்றில் கையாலேயே முடிச்சிட்டு, அந்த 'யக்ஷி'யை 1984-இல் உருவாக்கியவர் மிருணாளினி முகர்ஜி.

அவர் 1949-இல் பம்பாயில் பிறந்தவர். தாய் லீலா ஒரு சிற்பி. தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி சாந்திநிகேதன் ஓவியர். கண்பார்வை போன பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் செய்தவர். "இப்படி ஒரு வீட்டில் பிறந்திருந்தால் நாமும் சிற்பிதான்" என்றாள் எங்களுள் ஒருத்தி. அது பாதி உண்மை. ஆனால் பரோடாவில் அவர் படித்தது ஓவியம். அங்கே அவருடைய ஆசிரியர் கே.ஜி. சுப்பிரமணியன், நாட்டுக் கைவினைகளைப் பெரிதும் மதித்தவர்.

1972-இல் தில்லி ஸ்ரீதராணி கலைக்கூடத்தில் முதல் தனிக் கண்காட்சி. 1978-இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று சிற்பம் பயின்றார். 1994-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்காட்சி. பிற்காலத்தில் களிமண், வெண்கலம் என்று மாறினாலும் பல ஆண்டுகள் அவர் கையில் இருந்தது சணல்தான். முன்கூட்டி வரைபடம் போட்டுக்கொள்ளவும் மாட்டாராம். ஒரு சிற்பம் முடியப் பல மாதங்கள் ஆகும். எங்களுக்கோ ஒரு கூடைக்குள் பொறுமை போய்விடுகிறது!

"இது கைவினைதானே, சிற்பமாகுமா?" என்ற பேச்சு அவரை விடாமல் தொடர்ந்தது. 2015 ஜனவரியில் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. திறந்த சில நாட்களிலேயே அவர் மறைந்துவிட்டார். 2019-இல் நியூயார்க்கின் மெட் புரூயர் அரங்கில் பெரிய கண்காட்சி நடந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. இதைப் படித்தபோது எங்களுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

இதெல்லாம் வெறும் பொது அறிவாகவே நின்றிருக்கும். ஆனால் எங்கள் வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தி, "பிளஸ் டூ முடித்ததும் நான் சிற்பம் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள். "கூடை பின்னவா உன்னைக் கான்வென்டில் சேர்த்தேன்?" என்று கேட்டாராம் அவள் அப்பா. அவளுடைய அம்மா வயர் கூடை பின்னி விற்றுத்தான் அவள் கட்டணத்தில் பாதியைக் கட்டுகிறார்கள். அந்தச் சொல் யார் மேல் விழுந்தது என்று எங்களுக்குப் புரிந்தது.

அவளுக்காக விசாரித்தோம். சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. மரபுச் சிற்பத்துக்கு 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் கல்லூரி. பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. பிறகு பள்ளிகளில் கலை ஆசிரியர் வேலை, திரைப்பட அரங்க அமைப்பு, அருங்காட்சியகம் என்று வழிகள் உண்டு. லலித் கலா அகாதெமியின் சென்னை மையத்தில் சிற்பிகளுக்குப் பட்டறையும் உண்டு. மாதச் சம்பளம் நிச்சயமா என்றால், இல்லை. அதை மறைத்து அவளுக்கு ஆறுதல் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

பெற்றோர் சந்திப்பு நாளன்று, சிஸ்டரின் அனுமதியோடு அந்தப் புத்தகத்தை அவள் அம்மாவிடம் காட்டினோம். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, படத்தில் இருந்த முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்கள்.

"உள்ளே கம்பி வச்சுக் கட்டியிருக்கணும். இல்லாட்டி இவ்வளவு கனம் நிக்காதும்மா" என்றார்கள்.

அடுத்த பக்கத்தில் அதைத்தான் எழுதியிருந்தது! நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இதை ரெண்டு நாளைக்கு வீட்டுக்குக் குடுப்பீங்களா சிஸ்டர்? அவுங்க அப்பா பார்க்கட்டும்."

சிஸ்டர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் புத்தகம் திரும்பி வரவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை.